டிசம்பர் 26-ந் தேதி வீட்டில் என்ன மிச்சம்?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் தமிழ்நாட்டின் தென்கோடி ஊர்களுக்குத் தனி அழகு வந்துவிடும். நாகர்கோவில், பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி என்று எங்கே போனாலும் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். கோவில் கோபுரத்தில் வண்ண விளக்குகள் மின்னும். அடுப்படியில் முந்திரிக்கொத்து பொரியும் வாசம் தெரு முனை வரை வரும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூட்டை முடிச்சுடன் ஊருக்கு வந்து இறங்குவார்கள்.

25-ந் தேதி முடிகிறது. 26-ந் தேதி பொழுது விடிகிறது. அன்று வீட்டில் என்ன மிச்சம்?

பல வீடுகளில் மூன்று மிச்சம் இருக்கும். கடன் ஒன்று. தாயாரின் இடுப்பு வலி இன்னொன்று. "அடுத்த கிறிஸ்துமஸ் எப்போது வரும்?" என்ற பிள்ளைகளின் ஏக்கம் மூன்றாவது.

ஏசுநாதர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோருக்குச் சத்திரத்தில் கூட இடம் கிடைக்கவில்லை. அந்தப் பிறப்பைக் கொண்டாட வட்டிக்குப் பணம் வாங்குவது பொருத்தமா? யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு நாள் தலையில் ஓராண்டுப் பாரம்

பண்டிகையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கூலி வேலை செய்கிறவர் வீட்டிலும் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுக்க ஆசை இருக்கும். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஓராண்டு பக்தி முழுவதையும் ஒரே நாள் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பாரம் தாங்காமல்தான் பணம் கரைகிறது, உடம்பு நோகிறது.

முன்னோர்கள் அப்படி வைக்கவில்லை. கிறிஸ்தவ சபையில் ஆண்டுக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. மாதத்துக்கு ஒரு விசேஷம் இருக்கும். அதில் பாதி, கோவிலில் நடப்பது அல்ல, வீட்டில் நடப்பது. அதற்குப் பெரும்பாலும் காசும் தேவை இல்லை. சின்னப் பிள்ளைகளின் கைகளும், பெரியவர்களின் பத்து நிமிடமும் போதும்.

குடில் கட்டுவது யார்?

கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் காத்திருக்கும் காலம். கத்தோலிக்கர்கள் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். இந்த நாட்களில்தான் குடில் கட்டும் வேலை தொடங்கும்.

குடிலுக்கு ஒரு கதை உண்டு. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1223-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் அசிசியார் என்ற மகான் கிறிஸ்துமஸ் இரவில் ஒரு தொழுவத்தை ஜோடித்தார். வைக்கோல் போட்டார். உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். ஏழை ஜனங்கள் பெத்லகேமைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் தொழுவத்தின் வாரிசுதான் இன்று வீடுதோறும் இருக்கும் குடில்.

இன்று கடையில் ரெடிமேட் குடில் கிடைக்கிறது. வாங்கி வந்து, ஒயரைச் சொருகினால் வேலை முடிந்தது. பிள்ளைகள் அதை ஒரு நாள் பார்ப்பார்கள். மறுநாள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகளே கட்டும் குடில் அப்படி அல்ல. ஒருவன் வைக்கோல் கொண்டு வருவான். ஒருத்தி குளத்தங்கரைக் களிமண்ணில் ஆடு செய்வாள். ஆட்டுக்கு மூன்று கால்தான் நிற்கும். நாலாவது கால் விழுந்துவிடும். அதற்கு ஒரு சண்டை நடக்கும். ஒரு தட்டில் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் பச்சைப் புல்வெளி தயார்.

பல வீடுகளில் ஓர் அழகான வழக்கம் உண்டு. குடிலில் எல்லாப் பொம்மைகளும் இருக்கும். பாலன் மட்டும் இருக்க மாட்டார்.

"பாலன் எங்கேம்மா?" என்று பிள்ளை கேட்கும்.

"பொறு ராசா. இருபத்தி நாலாந் தேதி ராத்திரிதான் வருவார்" என்பாள் தாய்.

அன்று நள்ளிரவில் வீட்டின் கடைக்குட்டி பாலனைக் கொண்டு வந்து வைக்கும். அந்த ஒரு நொடிக்காக அந்தப் பிள்ளை பல நாள் காத்திருக்கிறது. காத்திருப்பது என்றால் என்ன என்று எந்தப் பிரசங்கமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

நாற்பது நாள் நோன்பு

டிசம்பர் 31-ந் தேதி இரவு ஆராதனை முடிந்ததும், பல சபைகளில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அதில் வேத வசனம் ஒன்று இருக்கும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோவது வழக்கம். அதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் எல்லாரும் தங்கள் வசனத்தை வாய்விட்டுச் சொல்லலாம். எழுதப் படிக்க இப்போதுதான் பழகிய பாட்டிக்குப் பேத்தி எழுத்துக் கூட்டிச் சொல்லித் தரலாம்.

அடுத்து வருவது தவக்காலம். லெந்து காலம் என்றும் சொல்வார்கள். விபூதிப் புதன் அன்று இது தொடங்கும். அன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறு அன்று ஜனங்கள் கையில் பிடித்த ஓலைகளை எரித்த சாம்பல் அது. அதனால்தான் அந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, வீட்டில் படத்தின் பக்கத்தில் சொருகி வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆரவாரம் அடுத்த ஆண்டு சாம்பலாகிறது! பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய சங்கதி இது.

விபூதிப் புதனில் இருந்து ஈஸ்டர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாற்பது நாள். பலர் இறைச்சியை விட்டுவிடுவார்கள். இறைச்சியை விட்டால் மட்டும் போதுமா? அதற்கு ஆகும் பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பணத்தை ஓர் உண்டியலில் போட்டு, ஈஸ்டருக்கு முன்னால் ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குக் கொடுத்தால் அது நோன்பு. பையில் திரும்ப வைத்துக்கொண்டால் அது சிக்கனம். அவ்வளவுதான்.

ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21-ந் தேதியோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் நிலா வளர்வதைக் காட்டலாம். வானத்தைப் பார்த்துப் பண்டிகையைக் கணக்கிடும் பழக்கம் நம் ஊருக்குப் புதிது அல்லவே!

அப்பா கால் கழுவட்டும்

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை, பெரிய வியாழன். ஏசுநாதர் தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். கோவிலில் பாதிரியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார்.

கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்கள் இந்த நாளை வீட்டிலும் கொண்டாடுகிறார்கள். புளிக்காத மாவில் பெசஹா அப்பம் செய்வார்கள். அதன்மேல் குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். இரவில் ஜெபம் செய்தபின் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார். அன்று வீடே கோவில் ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அன்று இரவு அப்பா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அம்மாவின் காலைக் கழுவட்டும்!

சிரிப்பு வருகிறதா? முதல் ஆண்டு வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் காட்சியைப் பிள்ளைகள் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. பண்டிகை என்றால் பெண்களுக்குத்தான் வேலை. கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இரவெல்லாம் பலகாரம். மறுநாள் விடியற்காலையில் மசாலா. வீட்டார் எல்லாரும் கோவிலில் பாடிக்கொண்டிருக்கும்போது, பிரியாணிப் பானை முன்னால் வியர்த்துக்கொண்டிருப்பவள் யார்? பாட்டுச் சத்தத்தைத் தூரத்தில் இருந்து கேட்பவள் யார்? அவளுக்கும் சேர்த்துத்தானே பாலன் பிறந்தார்?

கால் கழுவின கை, வெங்காயமும் உரிக்கலாம். பெரிய வியாழனில் படிக்கும் பாடம் டிசம்பரில் அடுப்படிக்கு உதவட்டும்.

பாட்டி ஒரு பாட்டுப் புத்தகம்

மார்ச் 19 சூசையப்பர் திருநாள். ஏசுநாதரை வளர்த்த தச்சர் அவர். உழைக்கும் தந்தைமாருக்கு உகந்த நாள். வீரமாமுனிவர் எழுதிய தேம்பாவணி என்ற பெருங்காப்பியத்தின் நாயகர் இவரே. இத்தாலியில் பிறந்த ஒருவர், தமிழ் கற்று, ஒரு தச்சரைக் காப்பிய நாயகர் ஆக்கினார். இதை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

மே மாதம் கத்தோலிக்கர்களுக்கு மாதாவின் மாதம். பள்ளிக்கூட விடுமுறைக் காலமும் அதுதான். பேரப் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வருவார்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அவர் இயற்றிய பாடல்களை இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடுகிறார்கள். நல்ல தமிழ் ராகங்களில் அமைந்த பாட்டுகள். பழைய மெட்டு பாட்டிக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியாது. பாட்டி கண்ணை மூடினால் மெட்டும் போய்விடும்.

கைப்பேசி இல்லாத வீடு இன்று அபூர்வம். அதில் எதை எதையோ பதிவு செய்கிறார்கள். பாட்டி பாடும் ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்தால் என்ன? கோடை விடுமுறைக்கு ஒரு பாட்டு என்று கற்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு இருபது வயதில் பத்துப் பாட்டு தெரியும். செலவு ஒரு காசு கூட இல்லை.

அடுத்த வீட்டுத் தட்டு

ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருநாள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த நாள். காவி உடை உடுத்தி, குடும்பம் குடும்பமாக நடந்தே வருவார்கள். வேளாங்கண்ணி ஆலயத்துக்கு 1962-ஆம் ஆண்டு பசிலிக்கா என்ற பெருமை கிடைத்தது. அங்கே வருகிறவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஏராளம்.

வீட்டுப் பண்டிகையிலும் இந்தக் குணம் இருக்க வேண்டும். தீபாவளிக்கு அடுத்த வீட்டில் இருந்து பலகாரத் தட்டு வருகிறது. ரம்ஜானுக்கு எதிர் வீட்டில் இருந்து பிரியாணி வருகிறது. கிறிஸ்துமசுக்குத் தட்டு திரும்பிப் போக வேண்டும். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பெரியவர்கள் கொண்டு போனால் அது மரியாதை. பிள்ளை கொண்டு போனால் அது சிநேகம். அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அந்தத் தெருவில் வாழப் போகிறவர்கள் பிள்ளைகள்தானே?

பிடி அரிசி

தென் மாவட்டத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை ஒரு கோலாகலம். தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். வாழைத்தார் வரும். முருங்கைக்காய்க் கட்டு வரும். சேவலும் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏற்றிக் கேட்பார்கள்.

தோட்டம் இல்லாத வீடு என்ன செய்யும்? ஒரு பிள்ளைக்கு ஒரு தொட்டி கொடுத்தால் போதும். ஒரு கத்தரிச் செடி வளர்க்கட்டும். காய்த்த முதல் காயைத் தன் கையால் கோவிலுக்குக் கொண்டு போகட்டும். அப்பா கொடுத்த பத்து ரூபாயைத் தட்டில் போடும் பிள்ளைக்கு, காணிக்கை என்றால் என்ன என்று தெரியாது. நாலு மாதம் தண்ணீர் ஊற்றிய பிள்ளைக்குத் தெரியும்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. அதுதான் பிடி அரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துப் பானையில் போடுவது. மிசோரம் மாநிலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகின்றன. மலைநாட்டு ஏழைப் பெண்களிடம் பணம் இல்லை. ஆனால் தினமும் சோறு பொங்கினார்கள். அந்தச் சோற்றில் ஒரு பங்கைக் கர்த்தருக்கு என்று ஒதுக்கினார்கள். அப்படிச் சேர்ந்த அரிசி அங்கே திருச்சபையின் பணிகளைத் தாங்கி வந்திருக்கிறது.

கணக்குப் பார்க்கலாம். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் ஆண்டுக்கு 14 கிலோவுக்கும் மேல் வரும். பத்து வீடு சேர்ந்தால் 140 கிலோவைத் தாண்டும். தனியாக இருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு அது எத்தனை மாதச் சோறு!

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துச் சபைகளில் அசனம் என்ற பொது விருந்து உண்டு. பெரிய அண்டாக்களில் சோறு பொங்கும். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். எல்லார் இலையிலும் அதே குழம்புதான். வீட்டுப் பிடி அரிசியின் பெரிய வடிவம்தான் இந்த அசனம்.

கல்லறையில் ஒரு மாலை

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சில நாள் முன்னதாகவே கல்லறையில் புல் வெட்டுவார்கள். சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று மாலையில் மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இருட்டியபின் பார்த்தால் தோட்டம் முழுவதும் சின்னச் சின்ன விளக்குகள்.

இப்போது சிலர் கூலி கொடுத்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் வந்து போகிறார்கள். "பிள்ளைகள் பயப்படும்" என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். மட்டையும் சுண்ணாம்பு வாளியும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

"இது யாருப்பா?"

"உன் தாத்தாவைப் பெற்ற ஆத்தா. பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சி, நாலு பிள்ளையைப் படிக்க வைத்தவள்."

இந்தக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் ஏது? மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இறந்தவர்களின் பெயரே தெரியாத பிள்ளைக்கு அந்த நம்பிக்கையால் என்ன பயன்?

ஜெபம் தண்டனை ஆகக் கூடாது

ஆண்டு முழுவதையும் கட்டும் கயிறு ஒன்று உண்டு. அது மாலைக் குடும்ப ஜெபம். சிலர் ஜெபமாலை சொல்வார்கள். சிலர் பைபிள் வாசித்துப் பாட்டுப் பாடுவார்கள். எதுவானாலும் சரி.

ஆனால் ஒரு மணி நேரம் முழங்காலில் நிறுத்தி, தூங்கி விழும் பிள்ளையின் தொடையில் கிள்ளுவது ஜெபம் அல்ல. அது தண்டனை. அப்படி வளர்ந்த பிள்ளை, வேலை கிடைத்து வெளியூர் போனதும் முதலில் விடுவது ஜெபத்தைத்தான்.

பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு. ஒரு சின்ன வாசிப்பு; அதைப் பிள்ளை வாசிக்கட்டும். பிறகு அன்று நடந்த ஒரு நல்ல காரியத்தை ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடம் டெலிவிஷனும் கைப்பேசியும் ஓய்வு எடுக்கட்டும். மகன் துபாயில் இருக்கிறானா? அப்போது மட்டும் கைப்பேசிக்கு அனுமதி உண்டு. அவன் முகமும் அந்த வட்டத்தில் தெரியட்டும்.

"நேரம் இல்லையே!"

இப்படிச் சிலர் சொல்வார்கள். காலையில் ஆறு மணிக்கு மில்லுக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தகப்பனுக்கு இத்தனை விசேஷமும் முடியுமா?

முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதும் இல்லை. இந்த ஆண்டு பிடி அரிசியும் குடிலும் போதும். அடுத்த ஆண்டு கத்தரிச் செடி. அதற்கு அடுத்த ஆண்டு பாட்டியின் பாட்டு. அவசரம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் செலவுக்கும் வழி உண்டு. ஜனவரி முதல் தேதியே ஓர் உண்டியல் வைத்து, நாளுக்குப் பத்து ரூபாய் போட்டால் டிசம்பரில் 3,500 ரூபாய்க்கு மேல் இருக்கும். அந்தப் பணத்துக்குள் பண்டிகை. அதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லை என்று வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, எட்டாத விலைச் சட்டைக்கு அடம் பிடிக்காது.

அப்படி நடந்தால் 26-ந் தேதி காலையில் கடன்காரர் வாசலில் வந்து நிற்க மாட்டார். அம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்கி எழுந்திருப்பாள். பிள்ளைகள் அடுத்த டிசம்பருக்காக ஏங்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான் ஜனவரியில் வேலை இருக்கிறதே!